கட்டுமரம் ஏறிய சொற்கள்

ஆங்கில அகராதியில் தமிழ்ச் சொற்கள் இருப்பது பெருமைதான். ஆனால் அவற்றில் இரண்டு, பிறந்த வீட்டுக்கே திரும்ப முடியாத நிலையில் இருக்கின்றன.

ஒவ்வொரு ஆண்டும் மொஹரம் பத்தாம் நாளில் பழைய தில்லியின் சந்துகளிலிருந்து தாஜியாக்கள் புறப்படுகின்றன. மூங்கிலும் வண்ணக் காகிதமும் கொண்டு செய்த அந்தச் சமாதி உருவங்கள் தெற்கே ஜோர்பாக்கில் உள்ள கர்பலா மைதானத்துக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்படுகின்றன. கர்பலா போர்க்களத்தில் உயிர்நீத்த இமாம் ஹுசைனுக்கான துக்க ஊர்வலம் இது. மார்பில் அறைந்துகொண்டு நடப்பவர்களின் குரல் ஒன்றுதான்: 'யா ஹசன்! யா ஹுசைன்!'

இந்தியாவின் கன்டோன்மென்ட் ஊர்களில் இதே குரலைத் தெருவோரம் நின்று கேட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு அந்த அரபுப் பெயர்கள் பிடிபடவில்லை. தங்கள் ஊர்ப் பெயர்கள் இரண்டைப் போட்டு 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்றார்கள். நாளடைவில் மொஹரம் ஊர்வலத்துக்கே அவர்கள் பேச்சில் அது பெயராகிவிட்டது. 1886ல் லண்டனில் ஓர் அகராதி வெளிவந்தபோது அதற்கும் இந்தப் பெயரே வைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் அன்றாடம் புழங்கிய விசித்திரமான சொற்களின் களஞ்சியம் அது. தவறாகக் கேட்டதால் பிறந்த ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்ததே, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்.

அந்த நூலின் பக்கங்களைப் புரட்டினால் தமிழ் வாசகருக்குப் பழக்கமான முகங்கள் வரிசையாக வருகின்றன. கட்டுமரம், கஞ்சி, கறி, சுருட்டு, காசு, மிளகுத் தண்ணீர். கூடவே, பார்த்ததும் முகம் சுளிக்க வைக்கும் இரண்டு சொற்களும்.

இரண்டு பேர், ஆயிரம் பக்கம்

அகராதியைத் தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் ஸ்காட்லாந்துக்காரர், 1820ல் பிறந்தவர். வங்காள ராணுவத்தில் பொறியாளராகச் சேர்ந்து, தில்லிக்கு வடக்கே மொகலாயர் காலத்து யமுனைக் கால்வாய்களைப் புதுப்பிக்கும் வேலையில் ஈடுபட்டவர். ஓய்வுபெற்ற பின் மார்க்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்துப் பெயர் பெற்றார்.

மற்றவர் ஆர்தர் கோக் பர்னல். 1860ல் சென்னை மாகாண சிவில் சர்வீஸுக்கு வந்து, பின்னர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வழக்குகளை விசாரித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் சுவடிகளோடுதான். தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அவர் தயாரித்த அட்டவணை 1880ல் வெளியானது. தென்னிந்திய எழுத்துகளின் வரலாறு பற்றி 1874லேயே நூல் எழுதிவிட்டார். உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பிய அவர் 1882ல், 42 வயதில் இறந்தார். அகராதி அச்சாவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மீதி வேலையை யூல் தனியாக முடித்தார். வடக்கைத் தெரிந்தவர் ஒருவர், தஞ்சைக் காவிரிக்கரையில் வேலை பார்த்தவர் ஒருவர். இந்த நூலில் ஹிந்துஸ்தானிக்குச் சமமாகத் தமிழும் மலையாளமும் இடம்பிடித்ததற்கு இதுவும் காரணம்.

நூலின் முறை எளிமையானது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், பிறப்பு பற்றிய விளக்கம். அதன்பின் அந்தச் சொல் யார் எழுத்தில், எந்த ஆண்டில் வந்தது என்று வரிசையாக மேற்கோள்கள். போர்த்துகீசிய மாலுமி, டச்சு வியாபாரி, அரபுப் பயணி, கும்பெனி குமாஸ்தா என்று சாட்சிகள் வந்துகொண்டே இருப்பார்கள். 1903ல் வில்லியம் குரூக் விரிவாக்கிய பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. தில்லிப் பதிப்பகங்கள் அதை மறுபதிப்பு செய்து இன்றும் விற்பனையில் வைத்திருக்கின்றன. சல்மான் ருஷ்டி இந்த நூலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1884ல் தன் முதல் பகுதியை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பேரகராதி, இந்தியச் சொற்களுக்கு மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டும் நூல்களில் இது ஒன்று.

காதில் விழுந்தபடி

புதிய சொல்லை, தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துக்கொள்வது மனித இயல்பு. மொழியியலில் இதற்கே 'ஹாப்ஸன்-ஜாப்ஸன் விதி' என்று பெயர் உண்டு. வங்காள நவாப் சிராஜ்-உத்-தௌலா இங்கிலாந்து மக்கள் வாயில் 'சர் ரோஜர் டௌலர்' ஆனார். பர்மாவின் யுவராஜா 'அப்பர் ரோஜர்' ஆனார். பந்து விளையாடும் இடத்துக்கு ஹிந்துஸ்தானியில் 'கேந்த்-கானா'. அதன் முதல் பாதியை ஆங்கிலேயர் 'ஜிம்னாஸ்டிக்ஸ்' என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டதில் பிறந்தது 'ஜிம்கானா'. 1913ல் தொடங்கப்பட்ட தில்லி ஜிம்கானா கிளப்பின் பெயரில் பாதி இந்தியப் பந்து, பாதி கிரேக்க உடற்பயிற்சி.

தில்லிக்கு வேறொரு சொல்லோடும் கசப்பான உறவு உண்டு. 'லூட்' என்ற ஹிந்துஸ்தானிச் சொல் முதலில் ஆங்கிலேய ராணுவத்தின் பேச்சு வழக்கில் மட்டுமே இருந்தது. 1840களின் சீனப் போர், பிறகு கிரிமியப் போர், அதன்பின் 1857 எழுச்சி என்று படிப்படியாக அது இங்கிலாந்தின் பொது வழக்குக்கு ஏறியது. 1857 செப்டம்பரில் தில்லியைத் திரும்பப் பிடித்த படைகள் வீடு வீடாகப் புகுந்து செய்ததற்குத் தங்கள் மொழியில் இருந்த பழைய சொற்கள் போதவில்லை போலும்! கொள்ளையோடு கொள்ளையைக் குறிக்கும் சொல்லும் கப்பலேறியது.

காது ஒரு பக்கம் மட்டும் தவறுவதில்லை. சென்னையில் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயரின் பெயரில் ஒரு பாலம் இருந்தது. ஊர்மக்கள் வாயில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆனது. அதைக் கேட்ட ஆங்கிலேயர்கள் அக்கறையாக மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றார்கள். தங்கள் ஆள் பெயரைத் தாங்களே அடையாளம் தெரியாமல் நாவிதருக்குத் தாரைவார்த்த இந்தக் கதை ஹாப்ஸன்-ஜாப்ஸனிலேயே பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் அந்தப் பாலத்துக்கு அம்பேத்கர் பெயர் வந்தது.

சமையலறையிலிருந்து சிறைக்கு

தமிழிலிருந்து போனவற்றில் சமையலறைச் சொற்களுக்குத் தனி வரிசையே உண்டு. 'கறி' போர்த்துகீசியர் வழியாக 1598லேயே ஆங்கில அச்சில் ஏறிவிட்டது. டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டனின் பயண நூலின் மொழிபெயர்ப்பு அது. 1747ல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதிய சமையல் புத்தகத்தில் இந்தியக் கறி செய்முறை இடம்பெற்றது. தமிழ்நாட்டில் பொரியலுக்கும் இறைச்சிக்கும் குழம்புக்குள் போடும் காய்க்கும் தனித்தனியே பயன்பட்ட சொல், கடலைத் தாண்டியதும் ஒட்டுமொத்த இந்தியச் சமையலுக்கும் ஒரே பெயராகிவிட்டது.

'மிளகுத் தண்ணீர்' போன பாதை இன்னும் சுவாரசியமானது. 'மல்லிகட்டானி' என்ற வடிவத்தில் இது ஆங்கிலத்தில் தென்படும் பழைய ஆதாரங்களில் ஒன்று 1784ஆம் ஆண்டுப் பாட்டு. அதை எழுதியவர் சமையல்காரர் அல்ல, கைதி. ஹைதர் அலியிடம் பிடிபட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஆங்கிலேயக் கடற்படைக்காரர் ஒருவர், தலைவிதியை நொந்தபடி, மிளகுத் தண்ணீரும் கஞ்சியுமே சாப்பாடு என்று பாடி வைத்தார். அடைத்து வைத்தவர்கள் கொடுத்த சாப்பாடு, பின்னாளில் லண்டன் விருந்துகளில் முதல் சூப்பாக மேஜைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களுக்கு இதனால் ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது: 'மல்'. வங்காளத்தில் இருந்தவர்கள் எப்போதும் 'யாரங்கே?' என்று வேலைக்காரரைக் கூப்பிட்டதால் 'கோய்-ஹை'. பம்பாய்க்காரர்கள் அங்கே கிடைக்கும் மீனின் பெயரால் 'டக்ஸ்'.

கஞ்சிக்கும் சிறைக்கும் உறவு அதோடு விடவில்லை. இந்தியாவில் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் தற்காலிகச் சிறை அறைக்கு 'காஞ்சி ஹவுஸ்' என்றே பெயர். உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று ஹாங்காங்கிலும் லண்டனிலும் சீன உணவகங்களின் பட்டியலில் 'காஞ்சி' இருக்கிறது. சீனர்கள் அதை 'ஜுக்' என்கிறார்கள். ஆனால் சீனச் சாதக் கஞ்சிக்கு ஆங்கிலப் பெயர், தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொண்ட கஞ்சிதான். போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் அதே சொல் 'கஞ்ஜா' என்று உருமாறிக் கோழி சூப்பைக் குறிக்கிறது. காய்ச்சல் வந்தால் அங்கேயும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

கட்டுமரம் 1697ல் வில்லியம் டாம்பியரின் பயண நூலில் 'கேட்டமரான்' ஆயிற்று. சோழமண்டலக் கரையின் மீனவர் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய மிதவை அது. இன்றைய ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இரண்டு உடல்களை இணைத்த படகுக்கு உரியது. நூற்றுக்கணக்கான பயணிகளை ஏற்றி விரையும் கப்பலும் இதில் அடக்கம். நாகப்பட்டினத்து மீனவர் அதைப் பார்த்தால் தன் மரம் என்று அடையாளம் காண மாட்டார். கட்டுவது என்ற வினை மட்டும் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. சுருட்டோ 'செரூட்' ஆனது. கூடவே ஊர்ப் பெயரும் புகழ் பெற்றது. 1887ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்தே அது 'திருச்சினாப்பள்ளி' சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார்.

ஒலி ஒன்றானால் போதுமா?

இந்தப் பெருமிதத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆங்கிலத்தின் பாதிச் சொற்கள் தமிழிலிருந்து போனவை என்று மேடைகளில் அடுக்குபவர்கள் உண்டு. 'ஒன்று'தான் 'ஒன்', 'எட்டு'தான் 'எய்ட்' என்பார்கள். கைத்தட்டல் கிடைக்கும், சான்று கிடைக்காது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்' என்பதன் வடிவம் 'ஆன்'. லத்தீனின் 'ஊனுஸ்' அதன் உறவு. இன்றைய உச்சரிப்பு இடைக்காலத்தின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. 'எய்ட்' என்பதன் உறவினர்கள் லத்தீனின் 'ஆக்டோ'வும் சமஸ்கிருதத்தின் 'அஷ்ட'வும். இன்றைய ஒலியை வைத்து உறவு கொண்டாடுவது, ஹாமில்டனை அம்பட்டன் என்று நினைத்த கதைதான்.

மிக நல்ல எச்சரிக்கை 'கேஷ்'. ரொக்கம் என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதே எழுத்துகளில் இன்னொரு 'கேஷ்' இருந்தது. கும்பெனி காலத்துச் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இந்தக் கேஷ் நம் காசுதான். நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்புக் காசுகளுக்கும் ஆங்கில வியாபாரிகள் இதே பெயரை வைத்தார்கள். ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, இரண்டு பிறப்பு.

தீராத வழக்குகளும் உண்டு. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் அனகோண்டாவின் பெயர் இலங்கையிலிருந்து போனது. 1693ல் ஜான் ரே என்ற இயற்கையியலாளர் இலங்கைப் பாம்பு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட இந்தப் பெயரைப் பதிவு செய்தார். அது ஆனையைக் கொல்லும் என்று பொருள்படும் தமிழ்ச் சொல்லா, 'ஹெனகந்தயா' என்ற சிங்களச் சொல்லா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்தச் சண்டையால் யாருக்கும் இழப்பில்லை. எல்லாச் சொற்களைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

பறையிலிருந்து 'பரையா'வுக்கு

தில்லியிலிருந்து வரும் ஆங்கில நாளேடுகளின் வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி தென்படும் தொடர் 'பரையா ஸ்டேட்'. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த தேசம் என்று பொருள். எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் என்பது நினைவில் வருவதில்லை. தமிழருக்கு மட்டும் அந்த இடத்தில் கண் தடுக்குகிறது.

'பரையா' 1613ல் சாமுவேல் பர்ச்சாஸின் நூலில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது அது தமிழகத்தின் ஒரு சாதியைக் குறித்த பெயர் மட்டுமே. சொல்லின் வேர் பறை என்பதை ஹாப்ஸன்-ஜாப்ஸன் சரியாகவே சொல்கிறது. பறை தமிழில் இழிவான சொல்லாக இருந்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் வைக்கிறது. வெற்றியிலும் விழாவிலும் சாவிலும் ஒலித்த கருவி அது.

ஆங்கிலேயர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, தீண்டாமைக்கு ஆளான எல்லோருக்கும் பொதுப்பெயராக்கினார்கள். அடுத்தபடியாக, சாதியே இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர் என்று அர்த்தம் கற்பித்தார்கள். ஆட்சியாளர்களுக்குத் தெரிந்த உண்மை இதற்கு மாறானது. பறையர்கள் தமிழகத்தின் மிகப் பெரிய சமூகங்களில் ஒன்று என்பதையும், 'வெளியே' என்ற கருத்து பிழை என்பதையும் ஹாப்ஸன்-ஜாப்ஸனே விளக்குகிறது. ஆனால் அதே குறிப்பில், அந்தச் சமூகத்திலிருந்து தங்கள் வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மீதான எஜமானரின் ஏளனமும் எட்டிப் பார்க்கிறது. அகராதிக்காரர் பிழையைத் திருத்தலாம். எஜமானர் திருந்துவது வேறு விஷயம்.

உலகம் முழுக்க இந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவர் அனுதாபிதான் என்பது விசித்திரம். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் தெ சான்-பியேர் 1791ல் எழுதிய குறுநாவலில், உண்மையைத் தேடி இந்தியா வரும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர், பண்டிதர்களிடம் கிடைக்காத ஞானத்தை ஒரு பறையரின் குடிசையில் பெறுகிறார். கதாபாத்திரம் உயர்ந்தது, ஆனால் ஊரால் ஒதுக்கப்பட்ட தனிமனிதன் என்ற படிமம் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாடகமும் கவிதையும் அதைப் பிடித்துக்கொண்டன. 20ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் வெபரும் ஹன்னா ஆரண்டும் யூதர்களின் நிலையை விளக்க இதே சொல்லைக் கையாண்டார்கள்.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் இலக்கியம் வரை போகவில்லை. தெருநாய் 'பரையா டாக்' ஆனது. மலிவான சாராயம் 'பரையா அராக்' ஆனது. தில்லி வானத்தில் எந்நேரமும் வட்டமிடும் பருந்து 'பரையா கைட்' ஆனது. தரம் தாழ்ந்தது என்று எதை நினைத்தார்களோ அதற்கெல்லாம் ஒரு சமூகத்தின் பெயர் முன்னொட்டாகப் போயிற்று.

பெரிய முரண் பிறகு வந்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு 1946ல் வர்த்தக உறவை முறித்துக்கொண்ட நாடு இந்தியா. அந்த ஆட்சியை உலகப் பத்திரிகைகள் கண்டித்தபோது பயன்படுத்திய சொல் 'பரையா ஸ்டேட்'. ஒதுக்கிவைத்த அரசாங்கத்தைத் திட்டுவதற்கு, ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் பெயர்!

கூலிக்கு வந்த கெடுதல்

கூலி என்றால் தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அதில் எந்தக் களங்கமும் இல்லை. ஆங்கிலத்தில் சுமைதூக்குபவரைக் குறித்த 'கூலி' குஜராத்தின் கோலி இனத்தவர் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. தமிழ்க் கூலி அதோடு கலந்து வலுப்படுத்தியது என்பதும் பொதுவான கருத்து. எந்த வேர் முந்தியதாக இருந்தாலும், அந்தச் சொல்லின் சுமையைக் கடல் கடந்து சுமந்தவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சென்ற முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். அங்கே 'கூலி' தொழிலின் பெயராக நிற்கவில்லை, இனத்தின் பெயராயிற்று. வியாபாரியும் கூலிதான், ஆசிரியரும் கூலிதான். 1893ல் அங்கே போய்ச் சேர்ந்த இளம் வக்கீல் காந்திக்குக் கிடைத்த பட்டம் 'கூலி பாரிஸ்டர்'.

இந்தியர்களுக்கு அங்கே வழங்கிய இன்னொரு பெயர் 'சாமி'. ராமசாமி, முனுசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் வாலைப் பிடித்து வெள்ளையர்கள் வைத்த பெயர். 'சத்திய சோதனை'யில் காந்தி இதை விவரிக்கிறார். சாமி என்றால் எஜமானன் என்று பொருள். சுரணையுள்ள இந்தியர் சிலர் 'நீங்கள் என்னைச் சாமி என்கிறீர்கள், நான் உங்கள் எஜமானன் இல்லையே' என்று பதில் கொடுத்தார்களாம். அவமதிக்க எடுத்த கல் எறிந்தவர் மேலேயே விழுந்த அபூர்வமான சந்தர்ப்பம். 'கூலி'க்கு அப்படி ஒரு பதில் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் அது இன்றும் இனவெறி வசைதான். ஆங்கில அகராதிகள் பலவற்றில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'புண்படுத்தக்கூடியது' என்ற எச்சரிக்கை இருக்கிறது.

தில்லி ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக ஓடும் தொழிலாளர்களுக்கு 2016ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் 'சஹாயக்' என்று புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. பயணிகள் வாயில் பழைய பெயரே நிற்கிறது. தமிழ்நாட்டில் அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ரஜினிகாந்த் நடித்த படம் 2025ல் வெளியாகித் திரையரங்குகளை நிரப்பியது. டர்பனில் வசை, சென்னையில் கதாநாயகனின் பட்டம்.

திரும்பாத சொற்கள்

பெயரால் வந்த சுமையைச் சம்பந்தப்பட்டவர்கள் சும்மா சுமந்துகொண்டிருக்கவில்லை. 1893ல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பறையன்'. இழிவாக நினைக்கும் பெயரையே தலைப்பில் அச்சிட்டு, உரிமை கேட்பவர் யார் என்று ஒளிவுமறைவின்றி அறிவித்த துணிச்சல் அது. பின்னாளில் அவர் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். அயோத்திதாச பண்டிதர் வேறு பாதையில் போனார். திணிக்கப்பட்ட பெயர் வேண்டாம். பழைய பௌத்தர்கள், ஆதித் தமிழர்கள் என்ற வரலாற்றைச் சொல்லும் பெயர் வேண்டும் என்பது அவர் வாதம். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியின் பலனாக, 1922ல் சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. பெயரை நிமிர்த்துவதா, மாற்றுவதா என்பதில் தலைவர்கள் வேறுபட்டார்கள். அடுத்தவர் வைத்த அர்த்தத்தை ஏற்பதில்லை என்பதில் வேறுபாடில்லை.

சட்டமும் வந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். 2015ல் வந்த திருத்தம் இதை இன்னும் தெளிவாக்கியது. தில்லி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இது. அந்த நாடாளுமன்றத்தின் செய்தியைத் தரும் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்திலேயே, அந்தப் பெயர் ஆங்கில வேடத்தில் ஒரு வசையாக நடமாடுகிறது. இதில் சட்டமீறல் இல்லை. யாரையும் குறிவைத்து எழுதுவதும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

பழக்கம் மாறாததல்ல. தில்லியின் வசீராபாத்தில் அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களைப் பற்றிய 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் 2022ல் வந்து ஆஸ்கர் போட்டி வரை போனது. அதில் வரும் பறவைதான் பழைய பறவை நூல்களின் 'பரையா கைட்'. இன்றைய பறவையியலாளர்கள் எழுதுவது 'பிளாக் கைட்', அதாவது கரும்பருந்து. நாட்டு நாய்களை வளர்க்கும் ஆர்வலர்களும் பழைய பெயரை விட்டு 'இன்டாக்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 2025ல் மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சொல் அங்கே வேரிலேயே மரியாதை பெற்றது.

ஆங்கிலத்துக்குப் போன மற்ற சொற்கள் பிறந்த வீட்டுக்கு வந்துபோகத் தடையில்லை. 'அய்யோ' 2016ல் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியபோது தமிழ்நாடே சிரித்துக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு 'அண்ணா' சேர்ந்தார். அதற்கு முன்பு அந்த அகராதி அறிந்த 'அணா' நாணயம் மட்டும்தான். கேட்டமரானைத் தமிழில் எழுத வேண்டிவந்தால் 'நவீன கட்டுமரம்' என்று எழுதிவிடலாம். சீனக் கஞ்சியைக் கஞ்சி என்றே எழுதலாம், யாருக்கும் குழப்பமில்லை.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவரின் மேஜைக்கு 'பரையா ஸ்டேட்' வரும்போது பேனா நின்றுவிடுகிறது. தமிழிலிருந்து போன சொல்லைத் தமிழில் அப்படியே எழுத எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் துணியாது, துணியவும் கூடாது. 'ஒதுக்கப்பட்ட நாடு' என்றுதான் எழுதுகிறார்கள். பொருளில் ஒரு மாற்றுக் குறையவில்லை. தமிழ்ச் செய்தி அறைகள் தினமும் செய்யும் இந்தச் சிறு திருத்தத்தை, தில்லியின் ஆங்கிலச் செய்தி அறைகளும் செய்யலாம். மாற்றுச் சொல்லுக்கு அவர்கள் அலைய வேண்டியதில்லை. 'அவுட்காஸ்ட்' என்ற சொந்தச் சொல் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது, 'பரையா' கப்பலேறுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பிருந்து.